நேயர் காணிக்கையில் ஓடும் வானொலி: டிவியில் நேரம் வாங்கலாமா?

வால்வுரேடியோ

வணக்கம் நண்பர்களே. இங்கே பெரும்பாலும் ஆன்டெனா, சிற்றலை, கியூஎஸ்எல் அட்டை (ஒலிபரப்பைக் கேட்டு எழுதினால் நிலையம் அனுப்பும் அத்தாட்சி அட்டை) என்று பேசுவோம். இது வேறு மாதிரியான கேள்வி. ஆனால் மத ஒலிபரப்புகளை முப்பது நாற்பது வருடமாகக் கேட்டு வந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் சபைக்காரர்கள் சிலர் நான்கு வருடமாக ஒரு இணைய வானொலி நடத்துகிறார்கள். காலையில் தியானம், பகலில் பாட்டு, இரவில் ஜெப நேரம். விளம்பரம் கிடையாது, நேயர்கள் அனுப்பும் காணிக்கை மட்டும்தான். நான் ஒலி மிக்ஸர் சரிசெய்யப் போனவன், இப்போது கணக்கு நோட்டும் என் கையில். மாதச் செலவு ஏறக்குறைய 38,000 ரூபாய். சர்வர், வாடகை, கரண்ட், ஒரு தம்பிக்குச் சம்பளம், அவ்வளவுதான். வரவு மட்டும் ஒரு மாதம் 52,000 வரும், அடுத்த மாதம் 21,000தான் வரும்.

இப்போது எங்கள் போதகர் ஒரு டிவி சேனலில் வாரம் அரை மணி நேரம் வாங்க வேண்டும் என்கிறார். அவர்கள் சொன்ன விலை மாதம் 60,000. "நேயர் பெருகினால் காணிக்கையும் பெருகும், விசுவாசத்தோடு காலடி வைப்போம்" என்கிறார். நல்ல மனிதர், பணத்தில் அப்பழுக்கு இல்லாதவர். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. பெரிய ஊழியங்கள் எல்லாம் எப்படி வளர்ந்தன, எங்கே விழுந்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புத்தளம்882

தம்பி, இந்தக் கேள்விக்கு 1963லேயே ஒருவர் ஒரு விடை கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் ஊரில் மூடிக் கிடந்த ஒரு டிவி நிலையத்தை பாட் ராபர்ட்சன் வாங்கி, 1961 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கினார். அதுதான் சிபிஎன் என்ற கிறிஸ்தவ டிவி நிறுவனம். இரண்டே வருடத்தில் மாதச் செலவுக்குத் திண்டாட்டம். மாதம் 7,000 டாலர் தேவை. ஒரு டெலித்தான் (டிவியில் மணிக்கணக்கில் நிதி கேட்கும் நிகழ்ச்சி) நடத்தி அவர் கேட்டது 7,000 டாலரை இல்லை. "மாதம் 10 டாலர் தர 700 பேர் வேண்டும்" என்று கேட்டார். அந்த 700 பேர் கணக்குதான் பிற்பாடு 'தி 700 கிளப்' என்று நிகழ்ச்சியின் பெயராகவே ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது, செலவு மாதாமாதம் வருவதால் வரவும் மாதாமாதம் வரும்படி கேட்டார். ஒருவர் ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்தால் சந்தோஷம்தான், ஆனால் அடுத்த மாதக் கரண்ட் பில்லுக்கு அவரைத் தேட முடியாது. இன்னொன்று, 700 என்பது மனிதர்கள் மனதில் பிடித்துக்கொள்ளும் எண். "நான் அந்த 700இல் ஒருவன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் 38,000 ரூபாய்க்கு 200 ரூபாய் வீதம் 190 பேர் வேண்டும். முதலில் உங்கள் நோட்டில் அப்படித் தவறாமல் தருகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். டிவி பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு.

எதிர்க்காற்று

பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் பெரியவரே. அந்த நேயர்கள் காசில் வளர்ந்து 1977இல் சிபிஎன் செயற்கைக்கோளுக்குப் போனது, கேபிள் சேனல் ஆனது. அப்புறம் சேனல் அளவுக்கு மீறி லாபம் சம்பாதிக்க ஆரம்பித்தது, வரிவிலக்கு பெற்ற ஊழியத்துக்குள் அதை வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தது. 1990இல் அதைப் பிரித்துத் தனி வணிக நிறுவனமாக்கினார்கள். முக்கியப் பங்குதாரர்கள் யார்? ராபர்ட்சனும் அவர் மகனும். 1997இல் அந்த நிறுவனம் 190 கோடி டாலருக்கு விலை போனது. ஊழியத்துக்கும் அதில் பெரிய தொகை வந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் மாதம் 10 டாலர் அனுப்பிய ஓய்வூதியக்காரப் பாட்டி, தான் ஒரு பங்குச்சந்தைக் கம்பெனிக்கு முதல் போடுகிறோம் என்று நினைத்தா அனுப்பியிருப்பார்?

கணக்குப்பிள்ளை

எதிர்க்காற்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சட்டப்படி நடந்த வியாபாரம். வளர்ச்சி எப்படிக் கிரிமினல் வழக்கில் போய் முடியும் என்று பார்க்க வேண்டுமானால் பிடிஎல் என்ற டிவி ஊழியத்தின் கதையைப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கை நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம் பேக்கர் முதலில் சிபிஎன்னில் இருந்தவர். பிறகு தனியாக பிடிஎல் தொடங்கி, தென் கரோலினாவில் ஃபோர்ட் மில் என்ற இடத்தில் ஹெரிடேஜ் யுஎஸ்ஏ என்று ஒரு பெரிய கிறிஸ்தவப் பொழுதுபோக்கு நகரமே கட்டினார். அதற்கு அவர் பிடித்த வழி 'வாழ்நாள் பங்காளர்' திட்டம். 1,000 டாலர் ஒரே தடவை கொடுத்தால், ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 3 இரவு கிராண்ட் ஹோட்டலில் இலவசமாகத் தங்கலாம். ஹோட்டலில் 500 அறை.

இப்போது பேனாவை எடுங்கள். 500 அறை, 365 நாள் என்றால் ஆண்டுக்கு 1,82,500 அறை இரவுகள். 25,000 பேரோடு நிறுத்திக்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்தார். அது 75,000 இரவு, தாராளமாகத் தாங்கும். ஆனால் விற்றது 66,683 பேருக்கு. மூன்றால் பெருக்குங்கள், 2,00,049. அதாவது வெளியாள் ஒருவருக்குக்கூட அறை தராமல், ஒரு நாள்கூடப் பூட்டாமல் நடத்தினாலும் எல்லாப் பங்காளருக்கும் இடம் இல்லை.

ஏன் நிறுத்த முடியவில்லை? இங்கேதான் வால்வுரேடியோ கவனிக்க வேண்டும். இப்படித் தங்குமிடம் தருவதாகச் சொல்லித் திரட்டிய பணம் எல்லாத் திட்டமும் சேர்த்து 15 கோடியே 80 லட்சம் டாலர். அதில் கட்டடத்துக்குப் போனது குறைவு, பெரும்பகுதி ஊழியத்தின் அன்றாடச் செலவுக்கே போனது. டிவி ஒளிபரப்புச் செலவை அடைக்கப் புதுப் பங்காளர், அந்தப் பங்காளரைப் பிடிக்க இன்னும் ஒளிபரப்பு. பேக்கர் தன் சொகுசுக்கு எடுத்துக்கொண்டது தனி, சுமார் 37 லட்சம் டாலர். எல்லாரும் அந்தச் சொகுசைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர் ஒரு டாலர்கூட எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த ஓட்டம் ஒரு நாள் நின்றிருக்கும். 1987இல் பதவி விலகினார், 1989இல் 45 வருடம் சிறைத்தண்டனை, மேல்முறையீட்டுக்குப் பின் அது 8 வருடமாகக் குறைந்து, 1994இல் வெளியே வந்தார்.

ஒரே தடவை வரும் பணத்தை மாதச் செலவில் போடாதீர்கள். டிவிக்காக யாராவது ஆறு மாதப் பணம் மொத்தமாகத் தருகிறேன் என்றால் ஏழாவது மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜான்சிஅக்கா

நான் ஒரு ஊழியத்தின் கடிதப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். காலையில் சாக்கு மூட்டையில் தபால் வரும். நாங்கள் மூன்று குவியலாகப் பிரிப்போம்: ஜெப விண்ணப்பம், சாட்சி, காணிக்கை. முக்கால்வாசிக் கடிதத்தில் மூன்றும் கலந்தே இருக்கும். பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, கணவர் குடிக்கிறார், கூடவே 20 ரூபாய் மணியார்டர். மணியார்டர் கூப்பனில் இரண்டு வரி எழுத இடம் இருக்குமே, அதில் நுணுக்கி நுணுக்கி முழு வாழ்க்கையையும் எழுதியிருப்பார்கள்.

நான் சேர்ந்தபோது ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒருவர் படித்துப் பார்த்துப் பதில் எழுதினோம். ஊழியம் வளர வளர அச்சடித்த பதில் வந்தது, கையெழுத்தும் அச்சு. அதுகூடப் பரவாயில்லை. பிறகு மேலிடத்திலிருந்து, காணிக்கை வைத்த கடிதத்துக்கு முதலில் பதில் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று வாய்மொழியாக ஒரு உத்தரவு. அன்றைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. இரண்டு வருடத்தில் நின்றுவிட்டேன்.

தம்பி, உங்கள் வானொலிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இப்போது யார் பதில் சொல்கிறார்கள்? டிவி வந்தால் அது பத்து மடங்காகும். 60,000 என்பது சேனலுக்கு மட்டும். பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

எதிர்க்காற்று

அக்கா, இதற்காகத்தான் நான் சொல்கிறேன், ஜெபத்துக்கும் காசுக்கும் நடுவில் காணிக்கைக் கவரே இருக்கக் கூடாது.

ஜான்சிஅக்கா

கவர் இல்லாமல் சர்வர் ஓடாதே தம்பி. இடபிள்யூடிஎன் டிவியைப் பாருங்கள். கத்தோலிக்கக் கன்னியர் மடத்தின் தலைவி மதர் ஆஞ்செலிகா, கையில் 200 டாலரை வைத்துக்கொண்டு 1981 ஆகஸ்ட் 15இல் தொடங்கினார், அலபாமாவில் ஐரன்டேல் மடத்துக் கார் ஷெட்டில். அதற்கு முன்னால் அதே சகோதரிகள் மீன்பிடித் தூண்டில் இரை செய்து விற்றிருக்கிறார்கள், கடலை வறுத்து விற்றிருக்கிறார்கள். டிவி வந்த பிறகு விளம்பரம் எடுக்கவில்லை. கேஸ் பில்லுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் எங்களையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்பார். எனக்கு அந்தக் கேட்கும் விதம் பிடிக்கும். ஆசீர்வாதம் பத்து மடங்கு வரும் என்று ஆசை காட்டவில்லை, கொடுக்காவிட்டால் சாபம் என்று பயமுறுத்தவில்லை, வீட்டுச் செலவில் ஒரு செலவாக என்னையும் சேர் என்று கேட்டார். 2000ஆம் ஆண்டில் நிர்வாகத்தைக் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் குழுவிடம் விட்டுவிட்டு விலகியும்விட்டார். நம் ஊரில் அது எத்தனை இடத்தில் நடக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சிற்றலைப்பித்தன்

நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தனியார் எஃப்எம் உரிமத்துக்கு மத அமைப்புகள் போட்டியிட முடியாது. ஆகாசவாணியும் இடம் தராது. அதனால்தான் தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சி எல்லாம் வெளியிலிருந்து வந்தது. இருட்டியதும் இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, 400 கிலோவாட், திருச்சியில் உள்ளூர் நிலையம் மாதிரி விழும் (மேலே ஒருவர் அதையே பெயராக வைத்திருக்கிறார்!). சிற்றலையில் ஃபெபா, செய்ஷெல்ஸ் தீவில் கடலுக்குள் பவளத்திட்டின்மேல் கம்பம் நட்டு 1970 முதல் 2003 வரை ஒலிபரப்பினார்கள். மணிலா பக்கமிருந்து வெரித்தாஸ் வானொலி. நேயர் மன்றம் வைத்து ஊருக்கு ஊர் கூடுவோம், வெரித்தாஸ்காரர்கள் 2018இல் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போனார்கள்.

ஆனால் இவை எதுவும் தமிழ் நேயரின் மணியார்டரில் மட்டும் ஓடவில்லை. டிரான்ஸ்மிட்டர் செலவு பெரும்பாலும் வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வந்தது. கேட்பவன் ஒருவன், காசு கொடுப்பவன் வேறொருவன். அதில் ஒரு நன்மை, நிகழ்ச்சியில் காசு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு சங்கடம், கொடுப்பவர் ஊரில் "இன்னும் யார் சிற்றலை கேட்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி எழுந்தால் போதும், இங்கே ரேடியோ ஊமையாகிவிடும். நாம் எழுதிய கடிதங்கள்தான் அவர்களுக்கு ஆதாரம்.

ஈக்வடார் நாட்டின் எச்சிஜேபி என்ற மிஷனரி வானொலி இன்னொரு வழி வைத்திருந்தது. 1931 கிறிஸ்துமஸ் அன்று கீட்டோ நகரில் 250 வாட்டில் தொடங்கியபோது அந்த நாட்டில் ரேடியோப் பெட்டிகளை விரல் விட்டு எண்ணலாம். அங்கே வேலைக்குப் போகும் மிஷனரி ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைச் செலவுக்குத் தன் ஊர்ச் சபைகளிடமே ஆதரவு திரட்டிக்கொண்டு போக வேண்டும். ஆக நிலையத்தின் சம்பளப் பட்டியல் கிட்டத்தட்டக் காலி. ஆள் கூடினால் செலவு கூடாது, ஆதரவாளர் கூடுவார்கள். (ஆன்டெனாப் பைத்தியங்களுக்காக: கீட்டோவின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஆன்டெனா முனையில் மின்பொறி பறந்து உருகியதாம். அதைத் தவிர்க்க கிளாரன்ஸ் மூர் அங்கேதான் முனையே இல்லாத க்யூபிகல் குவாட் என்ற சதுர வளைய ஆன்டெனாவை வடிவமைத்தார். என் மொட்டைமாடியில் நிற்பது அதன் பேரப்பிள்ளை.)

டெக்சாஸ்மாமா

நான் காரில் கே-லவ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாட்டு ரேடியோ கேட்பவன், பாட்டுக்காக. வருடத்தில் இரண்டு தடவை பிளெட்ஜ் டிரைவ் வரும், நாள் முழுக்க "மாதம் ஒரு சிறு தொகை தாருங்கள்" என்ற பேச்சுதான். எரிச்சலாக இருக்கும், அதே சமயம் மற்ற நாட்களில் விளம்பரமே கிடையாது. 1982இல் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் ஒற்றை நிலையமாக ஆரம்பித்த அமைப்பு, இன்று சின்னஞ்சிறு மறு ஒலிபரப்பிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் இடங்களில் ஒலிக்கிறது. 2019இல் மட்டும் ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து 6 நிலையங்களை 10 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள், நியூயார்க்கின் பழைய டபிள்யூபிஎல்ஜே உட்பட.

ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி ஒரே இடத்தில் தயாராகி செயற்கைக்கோள் வழியாக எல்லா ஊருக்கும் போகிறது. ஒரு ஊரைச் சேர்க்க ஆகும் மாதச் செலவு மிகக் குறைவு, அந்த ஊரில் புதிதாகச் சேரும் மாத ஆதரவாளர்கள் அதைவிட அதிகம். ஆனால் உள்ளூர் நிலையம் கைமாறும் ஒவ்வொரு ஊரிலும் பழைய அறிவிப்பாளர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், வெள்ளம் வந்தால் எங்கே தங்கலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதைப் பற்றி இங்கே நிறையப் புலம்பல் உண்டு.

வால்வுரேடியோ, உங்கள் நிலைமை இதற்கு நேர் எதிர். டிவி நேரம் வாங்கினால் அது என்றைக்கும் வாடகைதான், சொத்தாகாது. நேயர் கூடினால் சேனல்காரர் விலையையும் கூட்டுவார்.

சிற்றலைப்பித்தன்

அமெரிக்காவில் ஃபேமிலி ரேடியோவும் விளம்பரமே இல்லாமல் நேயர் பணத்தில் வளர்ந்ததுதான். 1958இல் தொடங்கிய அமைப்பு, நாடு முழுக்க நிலையங்கள், ஃப்ளோரிடாவில் ஓகிசோபியில் பெரிய சிற்றலை மையம். எங்களுக்கெல்லாம் கியூஎஸ்எல் தாராளமாக அனுப்புவார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21இல் நியாயத்தீர்ப்பு நாள் என்று அறிவித்தார். விளம்பரப் பலகைகளுக்கே பெரும்பணம். சிலர் சேமிப்பையே கொட்டினார்கள். மே 22 வழக்கம்போல விடிந்தது. அடுத்து அக்டோபர் 21 என்றார், அதுவும் போனது. 2012இல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் காணிக்கை சரிந்து, பெரிய நகரங்களின் நிலையங்களை விற்றார்கள். நியூயார்க் பகுதிக்குக் கேட்ட 94.7 எஃப்எம் 2013இல் கன்ட்ரி பாட்டு நிலையமாகிவிட்டது. அதே வருடம் சிற்றலையும் நின்றது.

ஐம்பது வருட நம்பிக்கை. அது ஒருவர் வாயில் இருந்தது, அவரைத் தடுக்க உள்ளே ஆள் இல்லை.

வால்வுரேடியோ

எல்லாருக்கும் நன்றி. புத்தளம் அண்ணன் சொன்னபடி நோட்டை எடுத்து எண்ணினேன். கடந்த 12 மாதத்தில் குறைந்தது 8 மாதம் தவறாமல் கொடுத்தவர்கள் 43 பேர். அவர்களிடமிருந்து சராசரியாக மாதம் 14,300 ரூபாய். மீதியெல்லாம் பண்டிகைக்கு வருவது, வளைகுடாவில் இருக்கும் இரண்டு மூன்று பேர் நினைத்தபோது அனுப்புவது. இத்தனை நாள் "நம் நேயர்கள் தாங்குகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வளைகுடா ஆட்கள் அனுப்புவதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா? ஒருவர் இப்போது கனடா குடியுரிமை வாங்கிவிட்டார்.

கணக்குப்பிள்ளை

இது முக்கியம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், பிறப்பால் உங்கள் தெருக்காரராக இருந்தாலும் சரி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு அல்லது முன் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, முன்பு 50 இருந்தது. அவரிடம் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். ஜெபத்தில் மட்டும் நினைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் 80ஜி ரசீது (கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) தருகிறோம் என்று ஒலிபரப்பில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிடப் போகிறார்கள். மதப் பணிக்கென்றே இருக்கும் டிரஸ்டுக்கு அது கிடையாது. வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவானாலே சிக்கல். சாதாரண ரசீது போதும், ஆனால் 50 ரூபாய்க்கும் போடுங்கள்.

எதிர்க்காற்று

அந்த 43 பேருக்கும் வரவு செலவைக் காட்டிவிட்டீர்களா? இல்லை, அதுவும் விசுவாசம்தானா?

வால்வுரேடியோ

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போதகரிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார், "நீ எண்ணிக்கை பார்க்கிறாய், தாவீது ராஜா தன் ஜனத்தை எண்ணிக்கை பார்த்ததால் தேசத்துக்கே தண்டனை வந்தது தெரியும் அல்லவா" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூட இருந்த அவர் மனைவிதான், "கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவும்தானே கேட்டார்" என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது.

மாதம் தவறாமல் தருகிறவர்கள் 190 பேர் ஆகும்வரை டிவி இல்லை. கனடாக்காரருக்குச் சொல்லியாயிற்று, வருத்தப்பட்டார். எதிர்க்காற்று கேட்டதற்காகவே சொல்கிறேன், போன ஞாயிறு இரவு ஜெப நேரத்துக்கு முன்னால் நானே மைக் முன் உட்கார்ந்து வரவு செலவு முழுவதையும் வாசித்தேன், வாடகை 9,000 முதல் பினாயில் 120 வரை. கை நடுங்கியது. புதிதாக 11 பேர் மாதம் தருகிறோம் என்றார்கள், அதில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் தருவார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு அம்மா மட்டும் போன் செய்து, "ஏன் தம்பி 9,000 வாடகை கொடுக்கிறீர்கள், எங்கள் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது" என்றார்கள். நாளைக்குப் போய்ப் பார்க்கிறோம். பக்கத்திலேயே மரம் அறுக்கும் மில் இருக்கிறது, அதுதான் யோசனை.

சிற்றலைப்பித்தன்

மில் ராத்திரியில் ஓடாது. மொட்டைமாடியில் குவாட் வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.